நான்கு நிமிட இரைச்சல்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் பொங்கியது, அடுப்பைத் துடைத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன், முன்பக்கம் மட்டும்.

ஏழு மணிக்குப் பல் டாக்டர் வந்தார்.

ஓய்வுபெற்றவர். எங்கள் பகுதி வயர்லெஸ் குழுவின் தலைவர். புயல் என்றால் அவருடைய ஆட்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு உயரத்தில் ஏறி நின்று, மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குச் சொல்வார்கள். அவர் ஊரை எச்சரிப்பார். சம்பளம் கிடையாது. சளி பிடிக்கும்.

என் மனைவி ஏறி நின்றது தண்ணீர்த் தொட்டியில்.

அங்கே அவள் நினைவாகப் பலகை வைக்கிறார்களாம். வாசகத்தைக் காட்டினார்.

'கடமையில் உயிர் நீத்த வீராங்கனை. இறுதிச் சொற்கள்: மக்களைக் காப்பாற்றுங்கள்.'

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமே சண்டை.

அது போகட்டும். எட்டு மாதமாக எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்தப் புயலில் தொட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மேலேயே இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். மரம் அவள் மேல் விழுந்தது எங்கள் வீட்டுக்கு வரும் பாதையில்.

"ஏன் சார் இறங்கினா?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். ஊரையே வாயைத் திறக்கச் சொன்ன மனிதர்.

"வேணாம் தம்பி, விட்டுடுங்க."

வயர்லெஸ்ஸில் வரும் எல்லாவற்றையும் பதிவு செய்து வைப்பது அவர் வழக்கம். கதவை மறித்து நின்றேன். அன்றைய பதிவைப் போட்டார்.

கடகடவென்று ஓர் இரைச்சல். நான்கு நிமிடம்.

வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் வேறு யாரும் பேச முடியாது. செல்போன் கோபுரம் அன்று மதியமே படுத்துவிட்டது. புயல் வந்துகொண்டிருக்கிறது, பத்துப் பேரும் ஊமை.

"ஜெனரேட்டரா சார்?"

அவர் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு அப்போது இரவுப் பணி. பகலில் தூங்குவேன். அவளுடைய இன்னொரு வயர்லெஸ் மெத்தையில் என் பக்கத்தில் கிடக்கும், குரலாவது கேட்கட்டும் என்று.

அதன் மேல் படுத்திருக்கிறேன்.

அது ஜெனரேட்டர் இல்லை. என் குறட்டை.

பதிவில் நான் புரண்டேன். பட்டன் விடுபட்டது. இரைச்சல் நின்றது. அந்த இடைவெளியில் அவள் வந்தாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

"டாக்டர் சார், அது எங்க வீட்டுக்காரர்தான். இன்னொரு தடவை புரண்டா எல்லாரும் காலி. இருங்க, போய் ஒரு உதை விட்டுட்டு வந்துடறேன். ஓவர்."