விழாத வாத்துகள்

மகனுடைய பழைய வாத்துவேட்டை வீடியோ கேமைப் புது டிவியோடு இணைக்க, நடுவில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகினார் மெக்கானிக். படம் வந்தது. வாத்துகள் பறந்தன.

“கேமோட வந்த இந்தத் துப்பாக்கி மட்டும் வேலைக்கு ஆகாது சார். பழைய பிக்சர் ட்யூப் டிவியிலதான் சுட்டா படும். இதுல எவ்வளவு சுட்டாலும் ஒண்ணும் விழாது.”

ஓய்வுபெற்ற ஆயுதப்படை ஏட்டு அருமைநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டத்தின்மேல் சுட்ட அந்த நாளுக்குப் பிறகு, மகன் கெஞ்சியும் பொம்மைத் துப்பாக்கியைக்கூடத் தொடாத மனுஷன்.

“ஒண்ணுமே விழாதா?”

“விழாது சார்.”

“இங்க குடுங்க.”

மெக்கானிக் போன பிறகும் அவர் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டே இருந்தார். வாத்துகள் ஒவ்வொன்றாகத் திரையின் மேல்விளிம்பைத் தாண்டிப் பறந்துபோயின.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப்பார்த்தாள்.

“வந்து பாரு, ஜெபா,” என்றார். “ஒண்ணு விடாம வீடு போய்ச் சேருது.”