எல்லாத்துக்கும் ஆமாம்

"திருடினியான்னு போலீஸ் கேட்டிருக்கு. இந்தம்மா ஆமாம்னு சொல்லியிருக்கு. இதுக்கு மேல என்ன இருக்கு புரொபசர்?" என்றார் நீதிபதி.

மொழி நிபுணர் நிகானோர் எழுந்தார். முழங்காலும் நாற்காலியும் சேர்ந்து முனகின. பெரு நாட்டின் கூஸ்கோ நீதிமன்றத்தில் இதே விஷயத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர். நல்லவேளை, இதுதான் கடைசி வழக்கு. நாளை மனைவியோடு தலைநகர் லிமாவுக்குக் குடிபோகிறார். கடல், ஓய்வு, தூக்கம்.

கூண்டில் மலைக்கிராமத்துப் பெர்மினா. பக்கத்துப் பட்டியில் கம்பளிக்காக வளர்க்கும் அல்பாக்கா விலங்குகளைத் திருடியதாக வழக்கு. ஜெயிலுக்குப் போனால் இரண்டு பிள்ளைகளும் நடுத்தெருவில்.

"ஐயா, இவங்க ஊர்ல பெரிய மனுஷங்க முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்றது மரியாதைக் குறைவு. ஆமாம்னு சொல்லிட்டா பெரியவர் கோபப்பட மாட்டார், அவ்வளவுதான்."

"கதை விடாதீங்க" என்றார் அரசு வக்கீல்.

நிகானோர் அவளுடைய மலைமொழியான கெச்சுவாவில் கேட்டு, கோர்ட்டுக்கும் மொழிபெயர்த்தார். "பெர்மினாம்மா, அல்பாக்காவை ஓட்டிட்டுப் போனது நீதானா?"

"ஆமாங்கய்யா."

அரசு வக்கீல் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இந்தக் கோர்ட்டைக் கட்டினதும் நீதானா?"

"ஆமாங்கய்யா."

"வக்கீல் ஐயா போட்டிருக்கற கோட்டு? அதையும் நீதான் திருடினியா?"

"ஆமாங்கய்யா" என்றாள் பெர்மினா, தலை குனிந்து. வக்கீல் தன்னையறியாமல் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். கோர்ட்டே சிரித்தது. பெர்மினா சிரிக்கவில்லை.

"அப்ப உண்மையை எப்படிய்யா வாங்கறது?" என்றார் நீதிபதி.

"ஆமாம், இல்லைன்னு பதில் வர்ற கேள்வியே கேக்கக்கூடாது. எங்கே, யாரு, என்னன்னு கேக்கணும். கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டுக் காத்திருக்கணும். படிச்சவங்களுக்கு அதுதான் வர மாட்டேங்குது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

நீதிபதி யோசித்தார். "அல்பாக்கா காணாமப் போன அன்னைக்கு நீ எங்கே இருந்தே?"

நிகானோர் அதைக் கெச்சுவாவில் சொன்னார். பெர்மினா தரையைப் பார்த்தாள். குமாஸ்தா இருமினார். வக்கீல் வாயைத் திறக்க, நீதிபதி கையைக் காட்டி அடக்கினார்.

"அக்கா வீட்லங்கய்யா" என்றாள் பெர்மினா கடைசியில். "அவளுக்குப் பிரசவ வலி. வெந்நீர் வெச்சது நான்தான். ஆஸ்பத்திரி நர்சும் கூடவே இருந்தாங்க."

நர்சுக்குப் போன் போட்டார்கள். அவள் அத்தனையும் உண்மை என்றாள். சாப்பாட்டு நேரத்துக்குள் பெர்மினா விடுதலை.

"இதைப் போலீஸ்கிட்ட அன்னைக்கே ஏம்மா சொல்லலை?" என்றார் நீதிபதி.

"யாரும் கேக்கலீங்கய்யா."

வாசலில் நீதிபதி நிகானோரின் கையைக் குலுக்கினார். "உங்களை விடவே மனசில்லை. லிமா போக வீட்டம்மாவுக்குச் சம்மதமா?"

"முதல் தடவை கேட்டப்பவே சரின்னுட்டா. இன்னிவரைக்கும் எதையும் மறுத்ததே இல்லை. கொடுத்துவெச்சவன் நான்!"

"இந்த ஜனங்களோட பழக்கமெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?"

"அது பெரிய கதை" என்று சிரித்துவிட்டு பஸ் ஏறினார்.

வீட்டில் மனைவி ஹிலாரியா சமையல் பானைகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கு சூப் கொதித்தது.

"காலைல லாரி வந்துடும். உனக்குச் சந்தோஷம்தானே?"

"ஆமாங்க."

தொப்பியைக் கழற்றப்போன நிகானோரின் கை பாதியில் நின்றது. பெர்மினாவின் கிராமத்தில்தான் அவர் அந்தப் பழக்கத்தைத் தெரிந்துகொண்டார். ஹிலாரியாவைப் பெண் எடுத்ததும் அங்கேதான்.

"ஹிலாரியா... நீ எங்கே இருக்க ஆசைப்படறே?"

கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டார்.

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் அதை இறக்கி வைத்தாள்; பிறகு, சுற்றி வைத்திருந்த பானைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.