மீனுக்கு ரெண்டு பக்கெட்

“மனுஷன் குடிக்கவே தண்ணி இல்ல, நீ மீனைக் குளிப்பாட்டுறியா? பாகல் ஹை க்யா? பைத்தியமா உனக்கு?”

வாசலில் நின்று கத்தினார் பொன்னுத்துரை. அந்தப் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்புக்குத் தலைவர். கோடையில் போர்ட் பிளேரில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர். அவர் குரலுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. எல்லா வீட்டுக்கும் தண்ணீர் போகும் நிலத்தடித் தொட்டியான சம்ப்பின் சாவியும் அவரிடம்தான்.

“என் பங்குலதான் ரெண்டு பக்கெட் மாத்தினேன் அண்ணே” என்றாள் சந்திரமதி, மீன் தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு மாதமாகத் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரு மீன் செத்து மிதந்தது. இன்று காரணம் தெரியாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அம்மோனியா சோதிக்கும் சொட்டு மருந்தை விட்டாள். மஞ்சள் என்றால் மீன் பிழைக்கும். பச்சை என்றால் போச்சு.

பச்சை.

மாற்றுவதற்கு முன்பு மஞ்சளாகத்தானே இருந்தது! பக்கெட்டில் மிச்சமிருந்ததைச் சோதித்தாள். பச்சை. சமையலறைக் குழாயில் பிடித்தாள். கரும்பச்சை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்த மகள் ப்ரியங்காவைப் பார்த்தாள். இந்த மாதம் மூன்றாவது தடவை. பாவம், இதற்காக அபர்டீன் பஜார் பானிபூரிக்காரரை எத்தனை திட்டு திட்டியிருப்பாள்!

ஒரு தம்ளரில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

“அண்ணே, சம்ப்பைத் திறங்க. குழாய்த் தண்ணியில அம்மோனியா இருக்குன்னா சாக்கடை கலக்குதுன்னு அர்த்தம். பிள்ளைங்க குடிக்கிற தண்ணி.”

கூட்டம் கூடிவிட்டது. பொன்னுத்துரை சிரித்தார்.

“மீன் டெஸ்ட்டை வச்சு பீதியைக் கிளப்பாதம்மா. தண்ணி ஏக்தம் சுத்தம். எங்க வீட்லயும் இதைத்தானே குடிக்கிறோம்!”

“அப்ப இதைக் குடிங்க.”

“நாளைக்கு மீட்டிங் போட்டுப் பேசுவோம்.”

“இப்பவே குடிங்க. நீங்க குடிக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்.”

பன்னிரண்டு வீடும் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் தம்ளரை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனார்.

மாடியிலிருந்து அவர் மனைவி தங்கம்மா அலறினாள்.

“அய்யோ, அதைக் குடிச்சிராதீங்க! நமக்குன்னு போன மாசத்துலேருந்து கேன் தண்ணி வாங்கி வச்சிருக்கோமே!”