தாயில்லாப் பிள்ளை

‘இந்த இல்லத்தில் பொய்க்கு இடமில்லை.’

பங்கோமா ஊரில் எங்கள் குழந்தைகள் இல்லத்தின் சுவரில் பாஸ்டர் வஞ்சாலா தம் கையாலேயே எழுதிய வாசகம் இது. அதன் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடிதான், இல்லத்தின் சமையல்காரியான நான் நெகேசாவுக்குப் பொய் சொல்லப் பழக்கினேன்.

“எங்கே, அம்மா இல்லேன்னு சொல்லு.”

“அவதான் இருக்காளே! நல்லா குண்டா இருக்காளே!”

“சிரிக்காதேடி. அநாதைன்னாத்தான் நாளைக்கு வர்ற வெள்ளைக்காரம்மா மேலே படிக்க வைப்பாங்களாம். இல்லேன்னா என்னை மாதிரி உகாலிக் களி கிண்டிக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்.”

“பொய் சொன்னா சாமி தண்டிக்காதா?”

“தண்டிச்சா என்னைத் தண்டிக்கட்டும். நீ சொல்லு.”

சொன்னாள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அந்த வெள்ளைக்கார அம்மாள் வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லார் முன்னாலும் நெகேசா தலையைக் குனிந்துகொண்டு, “எங்கம்மா மூணு நாள் காய்ச்சல்ல போயிட்டாங்க” என்றாள். காய்ச்சல் நான் சொல்லிக்கொடுக்காதது.

அந்த அம்மாள் அழுதே விட்டார். “இவ படிப்பு என் பொறுப்பு!”

“ஸ்தோத்திரம்!” என்றார் பாஸ்டர், கண்ணை மூடி.

அந்த அம்மாள் அவளை அணைத்துக்கொண்டார். “இனிமே நான்தான் உனக்கு அம்மா. உங்க பாஷையிலேயே ஒரு தடவை கூப்பிடு, கண்ணு.”

“அம்மா!” என்றாள் நெகேசா.

பன்னிரண்டு வருடப் பழக்கம். உகாலி பரிமாறிக்கொண்டிருந்த நான், “என்னடி?” என்று கேட்டுவிட்டேன்.