அட்டையில் ஏழு முத்திரை

"வழக்கமா பார்க்கிற டாக்டர் ஊர்ல இல்லேன்னு இங்க வந்தா, எங்க வீட்டு நாய்க்கு ரத்தப் பரிசோதனையா? அட்டையைப் பாரும்மா, வருஷத்துக்கு ஒண்ணா ஏழு முத்திரை. ஒரு தடுப்பூசிகூடத் தவறினதில்ல!" முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த பெரியவர் சீறினார்.

"பழைய ஊசியோட எதிர்ப்புச் சக்தி உடம்புல மிச்சமிருந்தா இந்த வருஷம் ஊசியே வேண்டாம் ஐயா. அதுக்குத்தான்" என்று சமாளித்து ரத்தம் எடுத்தாள் நாய் டாக்டர்.

அரை மணி நேரத்தில் வந்த முடிவைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயா, எதிர்ப்புச் சக்தி துளிகூட இல்ல! உங்க தெருவுலேர்ந்து நேத்து வந்த ரெண்டு நாய்க்கும் இதே கதைதான். அட்டையில அதே டாக்டரோட முத்திரை. ஊசின்னு சொல்லி வெறும் தண்ணியைப் போட்டிருக்கான் அந்த ஆளு!"

பெரியவரின் முகம் வெளிறியது. "அந்த ரெண்டு வீட்டையும் அங்க அனுப்பினதே நான்தாம்மா. கைராசிக்காரன்னு சொல்லி அனுப்பினேன்."

"அப்போ நீங்களே புகார் எழுதிக் குடுங்க. கௌரவம் பார்த்துட்டு சும்மா இருந்துடாதீங்க."

"கௌரவம் பார்க்கிறவன்தான் எழுதணும். பேனாவைக் குடு."

அவள் எடுத்துக் கொடுத்த கால்நடை மருத்துவக் கவுன்சில் புகார்ப் படிவத்தை நிறுத்தி நிதானமாக நிரப்பி, கையெழுத்திட்டு நீட்டினார். வாங்கிப் படித்தவள் கடைசிக் கேள்விக்கு வந்ததும் விக்கித்துப்போனாள்.

'புகாருக்கு உள்ளானவர் உங்களுக்கு உறவினரா? ஆம் எனில், என்ன உறவு?'

'ஆம். மூத்த மகன்.'