பச்சைப் பொத்தான்

ரேஷன் கடையில் அரிசி போடுவதற்கு முன்னால் இயந்திரம் வாக்குக் கேட்கும். மாநில அரசியலமைப்பில் மாதம் ஒரு திருத்தம். சம்மதம் என்றால் பச்சைப் பொத்தான், மறுப்பு என்றால் சிவப்பு. சிவப்பை அமுக்கினால் காரணம் சொல்லி முடிக்கும்வரை அரிசி விழாது. அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை.

போன மாதம் தையல்கடை அருளப்பன் தொட்டார். கைதானவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது அந்த மாதத் திருத்தம். அவர் காரணம் சொல்லத் திணறியபோது, பின்னால் நின்ற பூங்கோதை, "அண்ணே, அடுப்புல பால வச்சுட்டு வந்திருக்கேன். பச்சைய அமுக்கிட்டு நகருங்க" என்றாள். அவர் அமுக்கினார். அவளும் அமுக்கினாள்.

போன வாரம் கல்லூரி வாசலில் அவள் மகள் நிறைமதியை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷனிலும் பதில் இல்லை. "நீங்களும் சேர்ந்து ஒத்துக்கிட்டதுதானம்மா" என்றார் ஓர் ஏட்டு, இரக்கமாகவே.

இந்த மாதத் திருத்தம், சிவப்புப் பொத்தானையே எடுத்துவிடுவது. பூங்கோதை சிவப்பை அமுக்கினாள்.

"காரணம் சொல்லவும்" என்றது இயந்திரம்.

"எம் பொண்ணு எங்க?"

"இது காரணம் ஆகாது. மீண்டும் சொல்லவும்."

அவள் அதையே சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். வரிசை முணுமுணுத்தது. பின்னால் நின்ற பெண் அவள் தோளைத் தொட்டாள்.

"அக்கா, ஸ்கூல் விடுற நேரம். பாப்பா வாசல்ல தனியா நிக்கும். பச்சைய அமுக்குங்களேன்."

பூங்கோதை அமுக்கினாள். பைக்குள் அரிசி விழுந்தது, இரண்டு பேருக்கான அரிசி.