வால்வெள்ளி நிற்கும் நாள்

விண்ணப்பத்தில் பெயர் இல்லை. யார் எழுதியது என்று புள்ளி போடுகிறவருக்குத் தெரியக் கூடாதாம், அதுதான் விதி.

ஆனால் மூன்றாம் பக்கத்துக் கணக்கு ஸஹ்ராவுடையது.

கடுகண்ணாவையில் மழை விடவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அவள் திரையைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டாள்.

ஐந்தரை வருடத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றிப் போகும் சின்ன வால்வெள்ளி அது. பம்பரம் மாதிரிச் சுழல்கிறது. வேகம் குறைந்து, ஒரு நாள் அப்படியே நின்று, பிறகு மறுபக்கமாகச் சுழலப் போகிறது. வரும் ஜூன் ஒன்பதாம் திகதி நிற்கும், அன்றைக்கு விண்வெளித் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பித் தாருங்கள் என்று கேட்டிருந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன் அவள் போட்ட கணக்கு. அச்சில் வந்தது பேராசிரியர் மோகனராஜின் பெயர் மட்டும். அவருடைய அறைக் கதவில் நின்று, என் பெயர் எங்கே சேர் என்று கேட்டாள்.

"பேர்ல என்னம்மா இருக்கு? வால்வெள்ளிக்கு நீயும் ஒண்ணுதான், நானும் ஒண்ணுதான்."

உள்ளே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

இப்போது அவருக்கு எழுபத்தெட்டு.

தெரிவு செய்யும் ஐவரில் வால்வெள்ளி தெரிந்தவள் ஸஹ்ரா ஒருத்திதான். தெரிந்தவருடையது என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். பூச்சியம் போட்டும் தீர்த்திருக்கலாம்.

முழுப் புள்ளி போட்டாள். கணக்கில் பிழை இல்லை என்று கீழே எழுதினாள்.

ஆறு மாதம் கழித்து அவரே போன் எடுத்தார். ஜூன் ஒன்பதுக்குத் தொலைநோக்கி கிடைத்துவிட்டதாம். கண்டியில் மண்டபம் எடுத்து, பத்திரிகைக்காரரையெல்லாம் கூப்பிட்டு, படத்தைப் பெரிய திரையில் காட்டப் போகிறாராம். பழசை மறந்துவிட்டு நீயும் வரவேண்டும் என்றார்.

"வாறேன் சேர். முன் வரிசையில ஒரு கதிரை போட்டு வைங்க."

போனை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

அன்றைக்கு அவள் அந்தக் கதவுக்குப் போனது பெயரைக் கேட்க அல்ல. ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன், திருத்த வேண்டும் சேர் என்று சொல்லத்தான் போனாள். மேசையில் அச்சான தாளைக் கண்டதும் வாயில் வந்தது வேறு.

அவர்கள் சிரித்து முடித்த பிறகு, திருத்தத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதில் வால்வெள்ளி நிற்கும் நாள், இந்த வருடம் மார்ச் பதினான்கு.

சுவர்க் கலண்டரில் ஏப்ரல். வால்வெள்ளி நின்று, திரும்பியாயிற்று. ஒருவரும் பார்க்கவில்லை.

அவளும்தான்.